ராம்ப் வெறும் பலகை இல்லை: டிராக்டர், அறுவடை இயந்திரத்தை வண்டியில் ஏற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

சம்பா அறுவடை நேரத்தில் டெல்டா மாவட்டங்களின் சாலைகளில் மாலை வேளையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு ஊரில் வேலையை முடித்த பெல்ட் டைப் அறுவடை இயந்திரம் ரோட்டோரம் நிற்கும். விடிவதற்குள் அடுத்த ஊர் வயலில் இருக்க வேண்டும். லாரி பின்னோக்கி வந்து நிற்கும். பின்பக்கத்தில் இரண்டு இரும்புப் பலகைகள் சாய்த்து வைக்கப்படும். இயந்திரம் மெதுவாக ஏறத் தொடங்கும். கீழே நிற்கும் உதவியாளர், "வா... வா... லெப்ட்ல கொஞ்சம் ஒடி..." என்று குரல் கொடுப்பார்.

மொத்தம் நான்கைந்து நிமிட வேலைதான். ஆனால், பல லட்ச ரூபாய் இயந்திரமும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உயிரும் அந்த நேரத்தில் இரண்டு பலகைகளை நம்பித்தான் இருக்கின்றன. "ஒடி" என்ற அந்த ஒரு சொல்லே எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இயந்திரங்களை வாடகைக்கு விடும் தொழிலில் இப்போது இளைஞர்கள் பலர் இறங்குகிறார்கள். டிராக்டர், பவர் டில்லர், மினி எக்ஸ்கவேட்டர் என்று எதை வாங்குவது, எந்த மாடல், எத்தனை ஹெச்.பி., இ.எம்.ஐ. எவ்வளவு என்று மாதக்கணக்கில் அலசுகிறார்கள். அதை ஏற்றி இறக்கும் ராம்ப் விஷயத்தில் மட்டும், "பட்டறையில சொன்னா அடிச்சுக் கொடுத்துடுவாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதல் கேள்வி: எவ்வளவு நீளம்?

ராம்ப் வாங்கும்போது பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "எத்தனை டன் தாங்கும்?" என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது நீளம். சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்பதை நீளம்தான் தீர்மானிக்கிறது.

கணக்கு எளிது. வண்டித் தட்டின் உயரத்தை ராம்ப்பின் நீளத்தால் வகுக்க வேண்டும். தட்டு 90 செ.மீ. உயரம், ராம்ப் 3 மீட்டர் நீளம் என்றால் 0.3 வரும். அதாவது, இயந்திரத்தின் எடையில் 30 சதவீதம் அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். 3 டன் இயந்திரம் என்றால் 900 கிலோ இழுவை. கோணமாகச் சொன்னால் ஏறக்குறைய 17.5 டிகிரி.

அதே உயரத்துக்கு 2 மீட்டர் ராம்ப் போட்டால்? விடை 0.45. இழுவை 1,350 கிலோ. கோணம் 27 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். ராம்ப்பில் மிச்சம் பிடித்தது ஒரு மீட்டர் இரும்பு. அதற்கு விலையாகக் கூடியது 450 கிலோ இழுவை.

கனரக இயந்திரங்களின் கையேடுகளில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 15 டிகிரி. இதை நினைவில் வைக்க ஒரு சுருக்கு வழி உண்டு: தட்டின் உயரத்தைப் போல 4 மடங்கு நீளம்.

* தட்டு 60 செ.மீ. உயரம் என்றால்: ராம்ப் 2.4 மீட்டர்
* 90 செ.மீ. என்றால்: 3.6 மீட்டர்
* 120 செ.மீ. என்றால்: 4.8 மீட்டர்

உயரத்தை அளக்கும்போது வண்டி காலியாக இருக்க வேண்டும். சுமை ஏறினால் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கித் தட்டு தாழ்ந்துவிடும். ஆனால், இயந்திரம் ஏறத் தொடங்கும்போது இருப்பது காலி வண்டியின் உயரம்தான்.

ரோட்டோரம் கணக்கை மாற்றிவிடும்

பட்டறைத் தரையில் சரியாக இருந்த ராம்ப் வயலோரத்தில் ஏன் பயமுறுத்துகிறது? லாரி தார் ரோட்டில் நிற்கிறது, ராம்ப்பின் கீழ்முனையோ ரோட்டை விட்டு இறங்கிய மண்ணில் இருக்கிறது. அந்த மண் 30 செ.மீ. தாழ்வாக இருந்தால், 90 செ.மீ. தட்டு 120 செ.மீ. தட்டாக மாறிவிட்டது என்றே அர்த்தம். அதே 3 மீட்டர் ராம்ப்பில் கோணம் 17.5 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்கு மேல் போய்விடும். 3 டன் இயந்திரத்தின் இழுவை 900 கிலோவிலிருந்து 1,200 கிலோவாகும்.

இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். ராம்ப்பே இல்லாத காலத்திலிருந்து நம் ஊர் டிரைவர்கள் லாரியின் பின்பக்கத்தை மண் மேட்டிலோ வரப்பு, கரை ஓரத்திலோ ஒட்டி நிறுத்தி இயந்திரத்தை ஏற்றுவது இதனால்தான். லாரி பள்ளத்திலும் ராம்ப்பின் கீழ்முனை மேட்டிலும் இருந்தால் சரிவு குறையும். படிக்காமலே தெரிந்துவைத்திருந்த நல்ல பொறியியல் அது. மேடு இறுகியிருக்க வேண்டும், புது மண் குவியலாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

இரண்டாவது கேள்வி: எத்தனை டன் தாங்கும்?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "மூணு டன் ராம்ப்" என்று கடையில் சொன்னால், அது ஒரு ராம்ப்புக்கா, இரண்டும் சேர்ந்த ஜோடிக்கா என்று கேட்டே ஆக வேண்டும். ராம்ப் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஜோடிக்குத்தான் கணக்குச் சொல்வார்கள். ஜோடி 3 டன் என்றால் ஒன்று தாங்குவது 1.5 டன்தான்.

அந்த எடையும் சமமாகப் பிரிவதில்லை. 2 டன் டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் அதன் எடையில் சுமார் 60 சதவீதம் பின்சக்கரங்களில் இருக்கும். சரிவில் முன்னோக்கி ஏறும்போது எடை இன்னும் பின்னால் சாயும். அப்போது ஒவ்வொரு பின்சக்கரத்தின் மீதும் 700 கிலோவை நெருங்கும் பாரம் விழலாம். அந்தச் சக்கரம் ராம்ப்பின் நடுவில் நிற்கும் நொடிதான் பலகைக்கு உண்மையான சோதனை. பலகை அதிகம் வளைவது அங்கேதான்.

நீளமும் பலமும் ஒன்றை ஒன்று இழுப்பவை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே பாரத்துக்கு ராம்ப்பின் நீளம் இரண்டு மடங்கானால், நடுவில் அதை வளைக்கும் விசையும் இரண்டு மடங்காகும். "2 மீட்டர் ராம்ப் நல்லாத்தான் இருந்துச்சு, அதே சேனல்ல 4 மீட்டர் அடிச்சுக் கொடுங்க" என்று பட்டறையில் சொல்வது தவறு. நீளம் கூடினால் சட்டத்தின் ஆழமும் கூட வேண்டும்.

எடையைக் கணக்கிடும்போது நிறுவனத் துண்டறிக்கையில் உள்ள எண்ணோடு நிற்காதீர்கள். பின்னால் மாட்டிய ரோட்டவேட்டர், பக்கெட், டீசல், தானியத் தொட்டியில் மிச்சமிருக்கும் நெல், டிராக்கில் ஒட்டிய சேறு, ஓட்டுபவர் எல்லாம் சேர்ந்ததுதான் எடை. அதற்கு மேல் குறைந்தது கால் பங்கு கூடுதலாகத் தாங்கும் ராம்ப்பைத் தேர்வு செய்வது நல்லது. மொத்தம் 3 டன் வந்தால், ஜோடி 3.75 டன்னுக்குக் குறையக் கூடாது.

இரும்பா, அலுமினியமா?

இரும்பின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். கையால் தூக்கி வைக்க வேண்டிய ராம்ப்புக்கு இது பெரிய வித்தியாசம்.

3 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம், 5 மி.மீ. தகடு என்றால் தகடு மட்டுமே 47 கிலோ வரும். அடியில் இரண்டு 100 மி.மீ. சேனல் வைத்தால் இன்னொரு 55 கிலோவுக்கு மேல். ஆக ஒரு ராம்ப் 100 கிலோவைத் தாண்டும். ஒரு நாளில் நான்கு முறை ஏற்றி இறக்கும் தொழிலில் இதை யார் தூக்குவது? தூக்க முடியாததால்தான் பல இடங்களில் நீளம் குறைந்த ராம்ப்பைப் போட்டுவிட்டு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று வேலையை ஓட்டுகிறார்கள். முதுகு தப்பிக்கிறது, இயந்திரத்தில் இருப்பவர் மாட்டிக்கொள்கிறார்.

அப்படியென்றால் எல்லோரும் அலுமினியத்துக்கு மாறிவிடலாமா? மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

* டிராக்: ரப்பர் டிராக்குக்கும் டயருக்கும் அலுமினிய ராம்ப் பொருந்தும். இரும்பு டிராக் உள்ள எக்ஸ்கவேட்டர் ஏறினால், சாதாரண அலுமினிய ராம்ப்பின் பரப்பு அரைபடும். இரும்பு டிராக்குக்கென்றே செய்த வகையைத்தான் வாங்க வேண்டும்.
* வளைவு: அலுமினியம் இரும்பைவிட எளிதாக வளைந்து கொடுக்கும். பாரம் இறங்கியதும் நேராகிவிட்டால் பரவாயில்லை. வளைந்தபடியே நின்றால் அந்த ராம்ப்பின் ஆயுள் முடிந்தது.
* வெல்டிங்: ராம்ப்புக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகள் வெப்பப் பதப்படுத்தலால் பலம் பெற்றவை. வெல்டிங் சூட்டில் அந்தப் பலம் குறையும். விரிசல் விட்ட அலுமினிய ராம்ப்பைத் தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்து ஓட்டுவது, உடைந்த ஏணியைக் கயிற்றால் கட்டி ஏறுவதற்குச் சமம்.

மரப் பலகை? பவர் டில்லர் அளவுக்குச் சிலர் பயன்படுத்துகிறார்கள். முடிச்சு, உள்ளே ஊறிய ஈரம், கரையான் அரிப்பு எதுவும் வெளியில் தெரியாது. எவ்வளவு தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத பொருளில் இயந்திரத்தை ஏற்ற வேண்டாம்.

வழுக்கினால் என்ன ஆகும்?

காய்ந்த இரும்பில் ரப்பர் நன்றாகப் பிடிக்கும். சேறும் ஈரமும் சேர்ந்தால் பிடிப்பு சட்டென்று குறையும். இரும்பு டிராக் இரும்புத் தகட்டில் ஏறுவது இன்னும் மோசம்.

கொப்புளம் போன்ற மேடுகள் கொண்ட செக்கர்டு தகடு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்து போகிறவரின் செருப்புக்கு அது போதும். 3 டன் இயந்திரத்துக்குக் குறுக்குக் கம்பிகளோ ஆங்கிள் துண்டுகளோ சீரான இடைவெளியில் வைத்த பரப்பு நல்லது. நடுவில் இடைவெளி விட்ட ஏணி போன்ற அமைப்பில் சேறு தேங்காமல் கீழே விழுந்துவிடும். இரும்பு டிராக் என்றால் ராம்ப்பின் மேல் கெட்டி மரக்கட்டைகளைப் பதித்துக்கொள்வதும் உண்டு.

அகலத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். டயரோ டிராக்கோ உட்கார்ந்த பிறகு இரு பக்கமும் சில விரற்கடை மிச்சம் இருக்க வேண்டும். ஓரத்தில் சிறு தடுப்பு இருந்தால் கூடுதல் பாதுகாப்பு.

விபத்து நடக்கும் இடம்: கொக்கி

நீளம், பலம், பிடிப்பு மூன்றும் சரி. ஆனாலும் ராம்ப் கழன்று விழலாம். எப்படி?

சக்கரம் முன்னேற வேண்டுமானால் தன் அடியில் உள்ள பரப்பைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். சாலை நகராது, அதனால் வண்டி நகர்கிறது. ராம்ப் நகரக்கூடியது. இயந்திரம் ஏறும்போது ராம்ப்பைத் தன் பின்பக்கமாக, அதாவது லாரியை விட்டு விலகும் திசையில் உதைக்கிறது. இயந்திரத்தின் முன்பகுதி தட்டில் ஏறி, பின்சக்கரம் இன்னும் ராம்ப்பில் இருக்கும்போது லாரி முன்னோக்கித் தள்ளப்படலாம். இரண்டும் எதிரெதிர் திசையில் போனால் நடுவில் கிடைப்பது வெற்றிடம்.

ராம்ப்பின் மேல்முனையில் ஒரு உதடு மட்டும் வைத்து, தட்டின் மேல் சாத்திவிட்டால் போதாது. தேவையானவை இவை:

* தட்டின் விளிம்பில் உள்ள பைப்பிலோ பட்டையிலோ முழுதாக மாட்டும் கொக்கி
* கொக்கி கழன்றாலும் ராம்ப்பைப் பிடித்துக்கொள்ளும் சங்கிலி அல்லது பின்
* லாரிக்கு ஹேண்ட் பிரேக், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை
* தட்டின் பின்முனைக்குக் கீழே முட்டு

கடைசியில் உள்ள முட்டு பலருக்கும் தெரியாத விஷயம். முழு எடையும் வால்பக்கத்தில் ஏறும்போது வண்டியின் முன்பகுதி மேலே தூக்கும். பின்சக்கரத்துக்கு வெளியே நீளமாகத் தட்டு நீட்டிய சிறிய டிரெய்லர்களில் இது இன்னும் அதிகம். பின்பக்கம் இரண்டு முட்டுக்கால் இருந்தால் தட்டு அசையாது, கோணமும் நடுவழியில் மாறாது.

எந்த வகை யாருக்கு?

* தனி ராம்ப்: விலை குறைவு, எந்த வண்டிக்கும் எடுத்துப் போகலாம். தினமும் தூக்கி மாட்ட வேண்டும். எப்போதாவது ஏற்றுபவர்களுக்கும் எடை குறைந்த இயந்திரங்களுக்கும் சரி.
* கீல் வைத்த மடக்கு ராம்ப்: டிரெய்லரின் பின்பக்கத்திலேயே நிரந்தரமாக இருக்கும். பயணத்தில் நிமிர்ந்து நிற்கும். கழன்று விழும் பயம் பெருமளவு இல்லை. ஸ்பிரிங் அல்லது ஹைட்ராலிக் உதவி இருந்தால் ஒருவரே இறக்கிவிடலாம். தினமும் பல முறை ஏற்றுபவர்களுக்கு ஏற்றது.
* அடியில் சொருகும் ராம்ப்: தட்டுக்குக் கீழே உள்ள பொந்தில் போய்விடும், இடம் அடைக்காது. ஆனால் சேறு புகுந்தால் இழுப்பதே பெரும்பாடு. பயணத்துக்கு முன் பூட்டு போட்டே ஆக வேண்டும்.
* சாயும் தட்டு: டிரெய்லரின் தட்டே பின்னால் சாய்ந்து தரையைத் தொடும். தூக்க வேண்டிய ராம்ப் கிடையாது. விலையும் பராமரிப்பும் அதிகம்.

7, 8 டன் எடையுள்ள ஜேசிபி வகை வண்டிகள் நம் ஊரில் பெரும்பாலும் சொந்தச் சக்கரத்திலேயே ரோட்டில் போய்விடும். நாம் "ஹிட்டாச்சி" என்று அழைக்கும் பெரிய எக்ஸ்கவேட்டர்களுக்கு, அவற்றுக்கென்று கட்டிய லோ பெட் டிரெய்லர்தான் வழி. தனி ராம்ப் பேச்சே அங்கே வேண்டாம்.

இன்னொன்று: ராம்ப்பின் எடையும் வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

ஏற்றும்போது: "ஒடி" என்று சொல்லாதீர்கள்

ராம்ப் சரியாக இருந்தாலும் ஏற்றும் முறை தவறினால் எல்லாம் வீண்.

ராம்ப்பில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. கீழே சமதளத்திலேயே நேராக நிறுத்திவிட்டு ஏற வேண்டும். பாதியில் கோணினால் மெதுவாகப் பின்னால் வந்து, தரையில் திருத்திக்கொண்டு மீண்டும் ஏற வேண்டும். குறிப்பாகப் பவர் டில்லரில் இது உயிர் விஷயம். சமதளத்தில் இடது ஸ்டியரிங் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் அதே கிளட்சைப் பிடித்தால் அந்தப் பக்கச் சக்கரம் விசை அறுந்து வேகமாக உருளும், வண்டி வலது பக்கம் திரும்பிவிடும். ஒரு பக்க விசையைத் துண்டித்துத் திரும்பும் டிராக் இயந்திரங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பதற்றத்தில் பழக்கத்தின்படி பிடித்த கை, வண்டியை ராம்ப்பை விட்டே வெளியே கொண்டுபோய்விடும்.

கியர் மாற்றக் கூடாது. குறைந்த கியரில் தொடங்கி, அதே கியரில் ஏறி முடிக்க வேண்டும். நடுவில் நியூட்ரலுக்கு வந்தால் வண்டி சொந்த எடையில் உருளத் தொடங்கும்.

டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் ஒன்றாகப் பூட்டுங்கள். வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியாக விட்டிருப்பார்கள். ராம்ப்பில் ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் நின்று வண்டி திரும்பிவிடும்.

டிராக்டரைப் பின்னோக்கி ஏற்றி, முன்னோக்கி இறக்குங்கள். எடை கூடிய பின்பக்கம் மேட்டைப் பார்த்து இருந்தால் முன்சக்கரம் தூக்கிக் கவிழும் ஆபத்து குறையும்.

உச்சியில் நிதானம். ராம்ப் முடிந்து தட்டு தொடங்கும் இடத்தில் இயந்திரத்தின் எடை சட்டென்று முன்பக்கம் விழும். அங்கே வேகம் கொடுத்தால் குதிக்கும்.

உதவியாளர் எங்கே நிற்க வேண்டும்? ராம்ப்புக்குப் பக்கத்திலோ பின்னாலோ இல்லவே இல்லை. கவிழ்ந்தால் விழும் எல்லைக்கு வெளியே, ஓட்டுபவரின் கண்ணில் படும் இடத்தில் நின்று கையால் சைகை காட்ட வேண்டும். "நேரா வா", "நில்லு", "திரும்பப் போ" என்ற மூன்று சைகை போதும். நான்காவது தேவைப்பட்டால், முதலில் வண்டி தரைக்கு வரட்டும்.

பட்டறைக்குப் போகும் முன் ஐந்து கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று பாடி கட்டுவதில் பெயர் பெற்ற ஊர்களுக்குப் போனாலும் சரி, பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்தாலும் சரி, இவற்றைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. என் வண்டித் தட்டின் காலி உயரம் எவ்வளவு? அதன் 4 மடங்கு நீளம் வருகிறதா?
2. எல்லாம் சேர்ந்த இயந்திர எடை எவ்வளவு? நீங்கள் சொல்லும் டன் ஒன்றுக்கா, ஜோடிக்கா? பில்லில் எழுதித் தருவீர்களா?
3. என் டயர் அல்லது டிராக்கின் அகலம் என்ன? இரண்டு பக்கத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு? அதற்கேற்பத் தட்டில் கொக்கி இடம் இருக்கிறதா?
4. கொக்கி தவிர இரண்டாவது பிடிமானம் என்ன?
5. இதை என் ஆட்கள் தினமும் தூக்க முடியுமா? முடியாது என்றால் கீல் வைத்த வகைக்குப் போகலாமா?

ராம்ப் வந்ததும் நேரடியாக லாரியில் மாட்டிச் சோதிக்காதீர்கள். இரண்டு முனைகளையும் அரை அடிக்கும் குறைவான கட்டைகள் மேல் வைத்து, இயந்திரத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு நூலை முனைக்கு முனை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், பலகை நிரந்தரமாக வளைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அப்போது ஏதாவது தவறானாலும் விழும் உயரம் அரை அடிதான்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை கொக்கியின் வெல்டிங் ஓரங்களைத் துடைத்துவிட்டு விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முடி போன்ற கோடு தெரிந்தாலும் அந்த ராம்ப்பை ஓரம் வைத்துவிடுங்கள்.

இயந்திரத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கும். அது கவிழ்ந்தால் பணம் கொஞ்சம் திரும்ப வரலாம். சீட்டில் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் தினக்கூலியோ மாதச் சம்பளமோ வாங்கும் ஓட்டுநர். ராம்ப்பைத் தேர்ந்தெடுப்பது முதலாளி, அதன் மேல் ஏறுவது அவர். வாங்கும்போது இந்த ஒன்றை நினைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் இரும்பை மிச்சம் பிடிக்க யாருக்கும் மனம் வராது.